சின்னவள் மாற்றிய அச்சு

பெரியவள் வீட்டைக் காலி செய்துகொண்டு போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. மோட்டாரை யார் போய் நிறுத்துவது என்பதில்கூட அன்று வீம்பு. அதனால் யாரும் போகவில்லை. தெருவில் சாமான் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. கட்டில், பீரோ, துணி துவைக்கும் மெஷின் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. கடைசியாக அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, ஹால் சுவரில் மாட்டியிருந்த இன்டர்நெட் பெட்டியைக் கழற்ற ஆரம்பித்தாள். திருப்புளி கையோடு இருந்தது. அப்படியென்றால் முன்கூட்டியே நினைத்து வைத்த காரியம்.

"அது எதுக்கு அக்கா? நாளைக்கு நான் இங்கேருந்து வேலை பாக்கணும்" என்றாள் சின்னவள்.

"என் பேர்ல வாங்கினது."

"சுவத்துல இருக்கிற ஓட்டையும் நீங்க போட்டதுதான். அதையும் பேத்து எடுத்துட்டுப் போங்க."

பெரியவள் திருகாணிகளை வாயில் கவ்வியிருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்துக் கைப்பையில் போட்டுவிட்டுத்தான் பதில் சொன்னாள். "ஓட்டை உனக்கே இருக்கட்டும். போரடிச்சா எட்டிப் பாரு."

சோபாவில் உட்கார்ந்திருந்த மாமியார் நெற்றியில் அடித்துக்கொண்டார். "போற நேரத்துலயாவது ரெண்டு பேரும் வாயைக் கழுவுங்கடி."

இருவரும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் பெரியவள், தம்பியைக் கட்டியவள் சின்னவள். மாமியார் வைத்த இந்தப் பெயர்கள்தான் வீட்டிலும், பிறகு ஆபீஸிலும். ஓரகத்திகள் ஒரே வீட்டில் இருப்பது உலக வழக்கம். ஒரே ஆபீஸிலும் இருந்தார்கள் என்பதுதான் வினை. காலையில் அடுப்படியில் விட்ட சண்டையை பஸ்ஸில் மௌனமாகச் சுமந்து, ஆபீஸில் இறக்கி வைத்து, சாயங்காலம் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

ஆபீஸ் ஒரு செருப்புக் கடைக்கு மேலே இருந்தது. ஏறி வரும் படிக்கட்டு முழுக்கப் புது ரப்பர் வாசனை. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்குக் கீழே ஒரு வாளி. ஆஸ்பத்திரிகளுக்கு டாக்டரைப் பார்க்க டோக்கன் கொடுக்கும் செயலியை அங்கே நடத்தினார்கள். காலை எட்டு மணிக்கு டோக்கன் திறக்கும். வியாதிக்காரர்களும் அவர்கள் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் போனை அழுத்துவார்கள். அந்த நெரிசலைத் தாங்கும் சர்வர்கள் பெரியவளின் கையில் இருந்தன. அந்த ஆபீஸை அவள்தான் தூக்கி நிறுத்தினாள். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை; அவளுக்குத் துளியும் இல்லை.

சின்னவளை அங்கே சேர்த்துவிட்டதும் அவள்தான். கம்ப்யூட்டர் படித்துவிட்டுக் கல்யாணமாகி வந்த மருமகள் வீட்டில் சும்மா இருப்பதை மாமியாரால் பார்க்க முடியவில்லை. தினமும் நச்சரித்தார். நச்சரிப்புத் தாங்காமல் பெரியவள் ஒருநாள் கூட்டிப் போனாள். முதலாளி முன்னால் நிறுத்தி, "இவ என் கொழுந்தன் பொண்டாட்டி. ஏதாவது சின்ன வேலை கிடந்தா குடுங்க" என்றாள். அன்று சாயங்காலமே சின்னவளுக்கு ஆபீஸில் 'வால்' என்று பெயர் விழுந்துவிட்டது. வைத்தவன் ஆஸ்பத்திரிகளின் போனுக்குப் பதில் சொல்லும் ஆள். வாய் ஓயாதவன் என்பதால் அவனுக்கே 'ரேடியோ' என்று பெயர்.

வால் என்றால் ஒட்டிக்கொண்டு வருவது, தனியாக நிற்காதது. சின்னவளுக்கு அந்தப் பெயர் சட்டைக் காலருக்குள் விழுந்த முடி மாதிரி. வெளியே தெரியாது, ஆனால் நாள் முழுக்கக் குத்தும்.

பெரியவள் எதையும் சொல்லித் தரவில்லை. சின்னவள் பக்கத்தில் வந்தால் திரையைக் கொஞ்சம் திருப்பி வைப்பாள். ஆனால் அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு ஜன்னல் இருந்தது. மழை மூட்டமான நாட்களில் ஜன்னல் கண்ணாடியில் அந்தத் திரை முழுசாகத் தெரியும், இடவலம் மாறி. சின்னவள் தன் இடத்தில் உட்கார்ந்தபடியே அதைப் படித்தாள். மாறிக் கிடக்கும் எழுத்துகளை மனசுக்குள் திருப்பிப் போட்டுப் போட்டு சர்வர் வேலையைக் கற்றாள். வெயில் நாளில் படிப்பு இல்லை. அதனால் வானம் கறுத்தால் அவளுக்கு மட்டும் முகம் மலரும்.

பெரியவளின் புருஷனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. அவளுக்கும் அங்கே ஒரு பெரிய கம்பெனியில் வேலை கிடைத்தது. போவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, எல்லாக் கடவுச்சொற்களையும் சின்னவளிடம் ஒப்படைக்கச் சொன்னார் முதலாளி. ஒப்படைத்தாள். "எல்லாம் உள்ளேயே இருக்கு. பாத்தா புரியும். பாத்தும் புரியலைன்னா உனக்கு எப்பவும் புரியாது" என்றாள். அதோடு விட்டாளா? கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முதலாளியிடம் திரும்பி, அறை முழுக்கக் கேட்கும்படி, "இது இவ கையில ஒரு மழைக்காலம் தாங்காது சார்" என்றாள். வாளியில் ஏசித் தண்ணீர் சொட்டியது. ரேடியோ மட்டும் சிரித்தான்.

இதெல்லாம் நடந்து ஏசி வாளி எத்தனையோ தடவை நிரம்பிவிட்டது. ஒருநாள் முதலாளி சின்னவளைக் கூப்பிட்டார். மெஷின்களை வாடகைக்கு விடும் கிளவுட் கம்பெனியிலிருந்து ஓர் அறிவிப்பு வந்திருந்தது.

விஷயம் இதுதான். டோக்கன் செயலி ஓடும் மெஷின்கள் ஆபீஸில் இல்லை. எங்கோ இருக்கும் கிளவுட் கம்பெனியின் கிடங்கில் இருக்கின்றன. காலையில் கூட்டம் ஏறினால் கூடுதல் மெஷின்கள் தானாகவே பிறக்கும். மதியம் கூட்டம் வடிந்தால் தானாகவே செத்துப்போகும். பிறக்கும் மெஷின் எவ்வளவு பெரியது, அதற்கு எந்த டிஸ்க், எந்தச் சாவி, எந்தக் கதவு திறந்திருக்கலாம் என்பதையெல்லாம் சொல்லும் அச்சு ஒன்று உண்டு. பெரியவள் போட்டு வைத்திருந்தது பழைய வகை அச்சு. அதற்கு லாஞ்ச் கான்ஃபிகரேஷன் என்று பெயர். ஒருமுறை வார்த்துவிட்டால் அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. மாற்ற வேண்டுமென்றால் வேறொன்று வார்த்துக்கொள்ள வேண்டியதுதான். இப்போது கிளவுட் கம்பெனி அந்த வகையையே கைகழுவுகிறது. புது ரக மெஷின்கள் பழைய அச்சுக்குக் கிடையாது. இனிமேல் பழைய வகையில் புதிதாக எதையும் வார்க்கவும் முடியாது. எல்லோரும் லாஞ்ச் டெம்ப்ளேட் என்ற புது அச்சுக்கு மாற வேண்டும்.

"உன்னால முடியுமா?" என்றார் முதலாளி.

"முடியும் சார்."

"ஆஸ்பத்திரிக்காரங்க ஒரு காலைகூட நிக்கக் கூடாதுங்கறாங்க. யோசிச்சுச் சொல்லு. முடியலைன்னா இப்பவே சொல்லிடு, உங்க அக்காவையே திரும்பக் கூப்பிட்டுக்கறேன். அங்க அவங்களுக்கு ஒண்ணும் ஒத்துப்போகலையாம். வீட்டிலேருந்தே பாக்கறேங்கறாங்க. உனக்கு மேல இருந்து பாத்துக்கட்டும்."

சின்னவளுக்குக் காது சுட்டது. "எனக்கு மேல சீலிங் ஃபேன் மட்டும் போதும் சார்" என்றாள்.

அன்றிலிருந்து அவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு காரியம்தான். இந்த மாற்றத்தை அவள் ஒழுங்காக முடித்தால் வால் அறுந்துவிடும். சொதப்பினால் பெரியவள் அவள் தலைக்கு மேல் வந்து உட்காருவாள். ஊருக்குப் போனவள் ஆபீஸ் வழியாக வீட்டுக்குள் திரும்ப நுழைவாள்.

பெரியவள் போட்டு வைத்த சர்வர் கூட்டங்களுக்கு அவளே பெயரும் வைத்திருந்தாள். ஆஸ்பத்திரிகளின் நிஜமான டோக்கன்கள் ஓடும் இடம் 'பெரிய வீடு'. எதையும் உடைத்துப் பார்த்துச் சோதனை செய்யும் இடம் 'சின்ன வீடு'. இந்தப் பெயரை வைத்து ஆபீஸில் எத்தனை காலம் சிரித்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ரேடியோ இப்போதும் விடவில்லை. அவள் காலையில் வந்து உட்கார்ந்ததும், "வாலம்மா, இன்னைக்கு எந்த வீட்டுல குடித்தனம்?" என்பான்.

"உன் வாயில ஒரு வீடு காலியா இருக்காம். அங்கேதான் போகலாம்னு இருக்கேன்" என்றாள் ஒருநாள். அவன் ஒரு மணி நேரம் பேசவில்லை. அது அந்த ஆபீஸில் சாதனை.

சின்ன வீட்டில் முதலில் புது அச்சைப் போட்டுப் பார்த்தாள். மெஷின் பிறந்தது, ஆனால் ஊமையாக நின்றது. ஏனென்று தேடிக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது. மெஷின் பிறந்ததும் கிளவுடைப் பார்த்து, 'நான் யார், என் சாவி எங்கே?' என்று கேட்கும். பழைய அச்சில் பிறந்தது சும்மா கேட்டாலே பதில் வரும். புது அச்சிலோ, கேட்பதற்கு முன்னால் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். ஆஸ்பத்திரிச் செயலி பழைய காலத்து ஆசாமி. சீட்டெல்லாம் வாங்கத் தெரியாது. சும்மா கேட்டது, பதில் வரவில்லை, அப்படியே நின்றுவிட்டது. சின்னவள் புது அச்சின் இரண்டாம் பதிப்பைப் போட்டு, பழைய மாதிரி கேட்டாலும் பதில் கொடுக்கும்படி திறந்துவிட்டாள். புது அச்சின் அழகே அதுதான்: தூக்கி எறிய வேண்டாம், ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிப்புகளை அடுக்கிக்கொண்டே போகலாம். சின்ன வீட்டில், 'இரண்டாம் பதிப்பிலிருந்து பிறக்கட்டும்' என்று கையால் தட்டிச் சொன்னாள். மெஷின் பிறந்தது, கேட்டது, பதில் வாங்கியது, டோக்கன் கொடுத்தது.

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். வெளியே நல்ல வெயில். கண்ணாடியில் எதுவும் தெரியவில்லை. இது அவளே நேராகப் படித்த முதல் பாடம்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பெரிய வீட்டை மாற்றினாள். பழைய அச்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் புது அச்சின் பெயரைப் பொருத்தினாள். எதுவும் ஆடவில்லை, அசையவில்லை. ஓடிக்கொண்டிருந்த மெஷின்கள் ஓடிக்கொண்டேயிருந்தன. முதலாளி எட்டிப் பார்த்தார். "அவ்வளவுதானா?" என்றார், ஏதோ ஏமாந்த மாதிரி.

"அவ்வளவுதான் சார்."

"இதுக்கா உங்க அக்கா அவ்வளவு பயமுறுத்தினாங்க?"

அந்த ஒரு வார்த்தை அவளுக்குத் தலைக்கேறிவிட்டது.

மறுநாள் ஞாயிறு. வாராவாரம் போல மாமியார் தண்ணீர்க் கூஜாவில் போனைச் சாய்த்து வைத்து, மூத்த மகன் குடும்பத்தோடு முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் சின்னவள் எப்போதும் அறைக்குள் போய்விடுவாள். அன்று ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே நேராக வந்து போனுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"நல்லா இருக்கீங்களா அக்கா?"

திரையில் பெரியவளின் புருவம் ஏறியது. "என்ன, அதிசயமா இருக்கு? அங்க மழை பெய்யுதா?"

"பெரிய வீட்டை மாத்திட்டேன். புது அச்சுக்கு."

"ஓடுதா?"

"ஓடாம? நேத்துலேருந்து ஓடுது. நீங்க வார்த்து வெச்ச பழைய அச்செல்லாம் இன்னைக்குக் காலையில அழிச்சுட்டேன்."

பெரியவள் கொஞ்சம் முன்னால் குனிந்தாள். "அழிச்சுட்டியா? ஒண்ணைக்கூட வைக்கலையா? கிளவுட்காரன் திரும்ப வார்க்க விடமாட்டான்டி."

"வெச்சு என்ன, ஃப்ரேம் போட்டு மாட்டறதா?"

"ஒரு வாரம் ஓடவிட்டு அழிச்சிருக்கலாம்ல?"

"உங்க பேர் அதுல இருந்துச்சு அக்கா. கண்ணை உறுத்துச்சு."

மாமியார் போனைக் கவிழ்த்துவிட்டார்.

ஞாயிறு ஆஸ்பத்திரியில் கூட்டம் கிடையாது. கூடுதலாக மெஷின் பிறக்க வேண்டிய அவசியமே வரவில்லை. சனிக்கிழமையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தவை எல்லாம் பழைய அச்சில் முன்பே பிறந்தவை என்பதைச் சின்னவள் யோசிக்கவில்லை. ஜெயித்தவள் எங்கே யோசிப்பாள்?

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு டோக்கன் திறந்தது. கூட்டம் ஏறியது. புது மெஷின் பிறந்தது. ஊமையாக நின்றது. பதில் சொல்லாத மெஷினைச் செத்ததாகக் கணக்கு வைத்து, கிளவுட் அதைக் கொன்றுவிட்டு இன்னொன்றைப் பிறக்க வைத்தது. அதுவும் ஊமை. அதையும் கொன்றது. ஓடிக்கொண்டிருந்த பழைய மெஷின்கள் மூச்சு முட்டித் தள்ளாடின. ரேடியோவின் மேசையில் எல்லாப் போனும் ஒன்றாக அலறின.

"டோக்கன் சுத்திக்கிட்டே இருக்காம்! ஆஸ்பத்திரி வாசல்ல அடிதடியாம்! ஒரு கிழவர் போனைத் தூக்கி நர்ஸ் மேலயே வீசிட்டாராம்!" என்று ஒவ்வொரு போனுக்கும் ஒரு செய்தி வாசித்தான். பிறகு அவள் திரையை எட்டிப் பார்த்து, "ஐயோ, பிறந்து பிறந்து சாகுது!" என்று கூவினான்.

முதலாளி செருப்பைக் கழற்றக்கூட நேரமில்லாமல் உள்ளே வந்தார். "பழையதுக்கே திருப்பிப் போடு."

"பழைய அச்சு இல்ல சார்."

"இல்லைன்னா?"

"அழிச்சுட்டேன்."

"திரும்பச் செஞ்சுக்கோ."

"இனிமே செய்ய முடியாது சார்."

முதலாளி அவளைப் பார்த்த பார்வையில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அவள் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம் இது: "அவங்கதான் சார். பெரியவங்கதான். போறதுக்கு முன்னாடி உள்ளே ஏதோ கண்ணி வெச்சுட்டுப் போயிருக்காங்க."

சொன்ன பிறகு அதை அவளே நம்பினாள். இன்டர்நெட் பெட்டியைத் திருகாணியோடு கொண்டுபோனவள் இதைச் செய்ய மாட்டாளா?

"கண்ணி வெச்சவங்களையே கேட்போம்" என்று முதலாளி போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார். இரண்டாவது மணியிலேயே பெரியவள் எடுத்தாள். அவள் எதிர்பார்த்துக்கொண்டே இருந்த மாதிரி இருந்தது.

"திரும்ப வந்துடுங்கம்மா. இங்க எல்லாம் சரிஞ்சு கிடக்கு." பின்னாலிருந்து ரேடியோ, "பிறந்து பிறந்து சாகுது!" என்று மறுபடி கூவினான்.

"வர்றேன் சார். ஆனா சில விஷயம் பேசிக்கணும்" என்றது குரல், அவசரமே இல்லாமல். "முதல்ல சாவியெல்லாம் என்கிட்டதான் இருக்கணும். அவ எதைத் தொட்டாலும் என்னைக் கேட்டுட்டுத் தொடணும். அப்புறம் அந்த ஜன்னல் பக்கத்து நாற்காலி..."

அறையில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சின்னவள் மட்டும் கேட்கவில்லை. கேட்டால் செத்துவிடுவாள் என்று தோன்றியது. திரையில் பிறந்து பிறந்து செத்த மெஷின்களில் ஒன்றைப் பிடித்துத் திறந்து பார்த்தாள். அதன் நெற்றியிலேயே எழுதியிருந்தது: பதிப்பு ஒன்று.

ஒன்றா? இரண்டுதானே?

சின்ன வீட்டில் அவள் கையால் தட்டிச் சொல்லியிருந்தாள், இரண்டாம் பதிப்பு என்று. பெரிய வீட்டில் அச்சின் பெயரை மட்டும் பொருத்தியிருந்தாள், பதிப்பைச் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் 'டீஃபால்ட்' என்று கொடி நட்டிருக்கும் பதிப்பிலிருந்துதான் மெஷின் பிறக்கும். அந்தக் கொடி, முதல் பதிப்பு போட்ட அன்று அதன் மேல் நட்டது. மேலே எத்தனை பதிப்பு அடுக்கினாலும் கொடி தானாக ஏறாது. யாராவது கையால் பிடுங்கி நட வேண்டும். அவள் நடவில்லை.

கண்ணி வைத்தவள் அவளேதான்.

"...இன்னொண்ணு, அவளை எல்லாத்துலயும் கூட வெச்சுக்க முடியாது. அவ பழையபடி டெஸ்டிங் பாத்தா போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தது போன். சின்னவள் கொடியைப் பிடுங்கி இரண்டாம் பதிப்பின் மேல் நட்டாள். ஒரே ஒரு தட்டு. மெஷின் பிறந்தது. கேட்டது. பதில் வந்தது. டோக்கன் கொடுத்தது. அடுத்ததும் பிறந்தது, நின்றது.

"போனை வெச்சுடுங்க சார்" என்றாள்.

"என்ன?"

"சரியாயிடுச்சு. வெச்சுடுங்க."

போனிலிருந்து பெரியவளின் குரல், "எது சரியாச்சு? பிறந்து பிறந்து சாகுதுன்னு பின்னாடி ஒருத்தன் கத்தினானே, என் அச்சுல அப்படி வரவே வராதே சார், அவ என்ன..." என்று கேட்டது. முதலாளி, "அப்புறம் பேசறேம்மா" என்று துண்டித்துவிட்டார். வேலை முடிந்த பிறகு யாருக்கு யார் வேண்டும்? பிறகு சின்னவள் பக்கம் திரும்பினார். "கண்ணியை எடுத்துட்டியா?"

உண்மையைச் சொல்வதற்கு அப்போது ஒரு நொடி இருந்தது. ஏசித் தண்ணீர் வாளியில் சொட்டிய அந்த நொடி.

"எடுத்துட்டேன் சார்" என்றாள் சின்னவள்.

அதற்குப் பிறகு அந்தச் சொல்லை அவள் தள்ள வேண்டியிருக்கவில்லை. அது தானாகவே உருண்டது. முதலாளி ஆஸ்பத்திரிகளுக்கு வருத்தம் தெரிவித்தபோது, வேலையை விட்டுப் போன ஒருவர் செய்த கோளாறு என்று எழுதினார். ரேடியோ அதைத் தனக்குத் தெரிந்த எல்லா ஆபீஸிலும் ஒலிபரப்பினான். பெரியவளின் புதுக் கம்பெனிக்கும் அது போய்ச் சேர்ந்தது. அண்ணன் தம்பிக்குப் போன் செய்து காது கிழியப் பேசினான். தம்பி கேட்டுவிட்டு வந்து, சாப்பாட்டு மேசையில் தட்டை நகர்த்தி வைத்தான்.

"நிஜமாவே அண்ணியா செஞ்சாங்க?"

"செஞ்சிருப்பாங்க."

"செஞ்சாங்களா, செஞ்சிருப்பாங்களா?"

"உங்க அண்ணி மேல உங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தா அங்கேயே போய்ச் சாப்பிடுங்க."

அவன் சாப்பிட்டான். ஆனால் உப்பு போதாது என்று அன்று சொல்லவில்லை. அவன் குறை சொல்லாமல் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

மாமியார் சமாதானம் செய்ய முயன்றார். "மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம்பாங்க. இங்க ரெண்டு மருமக. எது மண்ணு, எது பொன்னுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று புலம்பினார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு கூஜாவிலிருந்து மாமியாரின் அறைக்குள் போயிற்று, கதவைச் சாத்திக்கொண்டு. சின்னவள் பெயர் அங்கே வரவில்லை, பெரியவள் பெயர் இங்கே வரவில்லை.

வால் அறுந்தது. அதில் குறையில்லை. ஆபீஸில் யாரும் அவளை அப்படிக் கூப்பிடவில்லை. ரேடியோகூட 'மேடம்' என்றான், பயந்துபோய். கண்ணிக் கதை யார் மேல் எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம் என்று அவனுக்குத் தெரியும். ஜன்னல் பக்கத்து நாற்காலி அவளுடையதாயிற்று. உட்கார்ந்த முதல் வாரமே முதுகுக்குப் பின்னால் இருந்த கண்ணாடியில் பழுப்புக் காகிதம் ஒட்டிவிட்டாள். "வெயில் அடிக்குது" என்றாள் கேட்டவர்களிடம். அந்தப் பக்கம் வெயில் அடிப்பது மாலையில் கொஞ்ச நேரம்தான்.

வீட்டு ஹாலில் புது இன்டர்நெட் பெட்டி மாட்ட வந்த ஆள், பழைய ஓட்டைகளிலேயே மாட்டிவிடலாம் என்றான். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. பக்கத்தில் புதிதாகத் துளை போட வைத்தாள். பழைய ஓட்டைகள் அப்படியே இருந்தன. அடைக்கவும் இல்லை. சில மாலைகளில், சோபாவில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது, அவள் கண் அங்கேதான் போய் நிற்கும்.

அவள் கெட்டிக்காரி ஆகிவிட்டாள். எந்த அச்சுக்குப் புதுப் பதிப்பு போட்டாலும் கொடியை இரண்டு முறை பார்ப்பாள். வேலைக்குச் சேரும் புதுப் பெண்களுக்குச் சாவியைக் கொடுக்க மாட்டாள், திரையைக் கொஞ்சம் திருப்பி வைப்பாள். "பாத்தா புரியும்" என்பாள் அவர்களிடம். தான் யார் குரலில் பேசுகிறோம் என்பது சில சமயம் அவள் காதில் விழும். அப்போது இன்னும் கடுகடுப்பாகப் பேசுவாள்.

வருஷங்கள் போயின. செருப்புக் கடை போய்க் கண்ணாடிக் கடை வந்தது; படிக்கட்டின் ரப்பர் வாசனை மட்டும் போகவில்லை. மாமியாருக்குக் காது மந்தமானதில், சாத்திய கதவுக்குள்ளிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவளின் குரல் வீடு முழுக்கக் கேட்டது. அதில் சின்னவளைப் பற்றி ஒரு வார்த்தை, ஒரு திட்டுகூட வந்ததில்லை. திட்டியிருந்தால் அவள் திருப்பித் திட்டியிருப்பாள்; அதற்கு அவள் தயாராகவே இருந்தாள். அந்தத் தயார்நிலை வருஷக்கணக்கில் தொண்டையில் கிடந்தது.

பிறகு ஒரு மதியம். வெளியே வானம் கறுத்திருந்தது. மேசை மேல் போன் ஒருமுறை அதிர்ந்தது. அந்த எண்ணை அவள் அழித்துவிட்டிருந்தாள். ஆனாலும் பார்த்ததும் தெரிந்தது. எழுதியிருந்தது இவ்வளவுதான்:

"இன்னைக்குக் காலையில எங்க ஆபீஸ்லயும் புது அச்சுக்கு மாத்தினோம். நான்தான் மாத்தினேன். புது மெஷினெல்லாம் பிறந்து பிறந்து செத்துது. போய்ப் பாத்தா டீஃபால்ட் முதல் பதிப்புலயே நிக்குது. அன்னைக்கு உங்க ஆபீஸ்ல நான் வெச்சுட்டு வந்த கண்ணி என்னன்னு இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது. இங்கேயும் எல்லாரும் சுத்தி நின்னு, யார் செஞ்சதுன்னு கேட்டாங்க. யார் பேரைச் சொல்லலாம்னு நானும் திரும்பிப் பாத்தேன். இந்த ஆபீஸ்ல எனக்கு ஓரகத்தி யாரும் இல்ல. அதனால நான்தான்னு சொல்ல வேண்டியதாப் போச்சு."